பக்கத்து லாட்ஜ் மிஷின்

உக்காரும்வே. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல இரும். பேக்கை ஏன் மடியில வச்சுக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கீரு, நான் என்ன பிடுங்கிக்கிட்டு ஓடிருவேனா? கீழ வையும்.

லாட்ஜுக்கு ஏஐ மிஷின் விக்க வந்திருக்கீரு, அதானே? சட்டையைப் பாத்தாலே தெரியுது. வாட்ஸப்புல கஸ்டமர் கேட்டா அதுவே பதில் சொல்லும், ரூம் போடும், நைசா நாலு வார்த்தை எழுதும். எல்லாம் எனக்குத் தெரியும். போன வருசமே வாங்கி மாட்டியாச்சு. குத்தாலத்துல மொத மொத மிஷின் வச்சவன் யாருன்னு கேட்டா, நியூ அருவிக்கரை லாட்ஜ் வேலாயுதம்னுதான் சொல்லுவாவ. சொல்லாட்டா வயித்தெரிச்சல்னு அர்த்தம்.

என்னது? இரும், குறுக்க பேசாதீரும். சொல்லிக்கிட்டு இருக்கேன்லா. வெளிய சாரல் அடிக்கு, இப்ப இறங்கினா நனைஞ்சு போவீரு. கேட்டுட்டுப் போவும். எங்கயாவது போயி எவன்கிட்டயாவது விக்கணும்னா இதெல்லாம் உமக்குத் தெரிஞ்சிருக்கணும்.

மிஷின் எதுக்கு வாங்கினேன்னா, இந்தக் கஸ்டமர் பயலுவகூட மனுசன் பேச முடியாதுவே. சீசன் தொடங்கிட்டா ஒரே கேள்வி. தண்ணி விழுதா, தண்ணி விழுதா, தண்ணி விழுதா. அருவி என்ன எங்க அப்பன் வச்ச குழாயா, நான் திறந்து விட? விழும்டா, வாடான்னா, வந்து நின்னுக்கிட்டு இவ்வளவுதான் விழுதான்னு என் மூஞ்சியைப் பாப்பான். நான் என்ன கொடத்துல கொண்டு போயி மேல நின்னு ஊத்தவா? ஆறு பேருன்னு ரூம் போடுவான், வேன்ல இருந்து ஒரு கல்யாண வீடே இறங்கும். ஒடம்பு பூரா எண்ணெயைத் தடவிக்கிட்டு மெத்தையில உருளுவான். ஈர ஜட்டியைக் கொண்டு போயி டிவி மேல காயப் போடுவான். சவத்துப் பயலுவ.

முன்ன என் வீட்டுக்காரி கோமதிதான் போன் எடுப்பா. ரூம் உண்டு, இல்லன்னு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானே? மாட்டா. போன தடவை வந்தப்ப பிள்ளைக்குக் காய்ச்சலா இருந்துச்சே, இப்பத் தேவலையா, மாமியார் கூட வாராவளா, அப்பக் கீழ ரூம் தாரேன்னு கதை வளத்துக்கிட்டு இருப்பா. ஒரு போனுக்கு அரை மணி நேரம். லாட்ஜ் நடத்துதியா, சாவடி நடத்துதியான்னு நானும் ஏசிப் பாத்தேன். பொறவு மகள் பிரசவம் பாக்க ஓசூருக்குப் போனா. நல்லதாப் போச்சுன்னு மிஷினை வாங்கி வச்சுட்டேன். பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான், இவ இன்னும் வரல. வராட்டாப் போறா. அதான் மிஷின் இருக்கே.

மிஷினும் ஒழுங்கா வேலை பாக்கும்னு நெனைச்சிராதீரும். உமக்கு முன்னாடி வந்து வித்தவன் சொன்னான், அண்ணாச்சி, நீங்க விவரத்தை ஏத்தி விடுங்க, அது பாத்துக்கிடும்னு. நான் ஏத்தினேன். எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லாதேன்னும் ஏத்தினேன். ஈரோட்டுக்காரன் ஒருத்தன் கேட்டிருக்கான், அம்மாவுக்குப் பச்சைத் தண்ணி ஒத்துக்கிடாது, வெந்நீர் உண்டான்னு. இந்த மூதி என்ன சொல்லிருக்கு தெரியுமா? 'எங்கள் அருவியில் இருபத்து நாலு மணி நேரமும் வெந்நீர் வசதி உண்டு.' அந்தக் கிழவியைக் கூட்டிக்கிட்டு வந்து இறங்கிட்டான்வே! இன்னொருத்தன் மூட்டைப்பூச்சி கடிச்சு முதுகெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு கூகுள்ல எழுதி வச்சிருக்கான். அதுக்கு என் மிஷின் போட்ட பதிலு, 'இயற்கையோடு இணைந்த அனுபவத்தை நீங்கள் ரசித்ததில் மிக்க மகிழ்ச்சி.' ஊரே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கு. இல்லாததை இருக்குன்னு கட்டிவிடுததுதான் அதோட பிறவிக் குணம். அதைப் புரிஞ்சுக்கிட்டவன் தப்பிச்சான். நான் புரிஞ்சுக்கிட்டேன்.

மிஷின் விசயத்துல என்னையக் கடுப்பேத்தினது பக்கத்து லாட்ஜ்காரன்தான். அன்னா ஜன்னல் வழியாத் தெரியுதுல்லா, அந்தச் சுவரு. அதுக்கு அந்தப் பக்கம் அருவிக்கரை லாட்ஜ். இந்தப் பக்கம் நியூ அருவிக்கரை லாட்ஜ். ரெண்டும் ஒரே கட்டடந்தான். அப்பா கட்டினது. நடுவுல சுவரை எழுப்பிப் பிரிச்சுக்கிட்டோம். அந்தப் பக்கம் இருக்கது என் கூடப் பிறந்த அண்ணன், குத்தாலலிங்கம். ஒரே அண்ணன். பேச்சு வார்த்தை கிடையாது.

ஏன்னு கேளும். ஒரு சீசன்ல வெள்ளம் வந்து அருவியில குளிக்கத் தடை போட்டுட்டாவ. தடை போட்டது போலீசு. நாம இல்ல. ஆனா எங்க அண்ணன் என்ன செஞ்சான், ரூம் போட்டு வந்த அத்தனை பேருக்கும் அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துட்டான். 'குளிக்கத்தானே வந்தாவ, குளிக்கலைல்லா'ங்கான். குத்தாலத்துல எந்தக் கோட்டிக்காரனாவது அப்படிச் செய்வானாவே? நான் கவுண்டர்ல வச்சே ஏசினேன். ஆள் முன்னாடிதான் ஏசினேன். ஏசினா என்ன? அவனும் சுள்ளுன்னு ஒரு வார்த்தை சொன்னான். அடுத்த மாசமே கொத்தனாரை வரச் சொல்லிட்டேன். பொறவு அவன் பொஞ்சாதி, எங்க மைனி தவறினப்ப நான் போனேன். போனேன், மாலையைப் போட்டேன், வந்துட்டேன். அவன் என்னைய ஏறிட்டுப் பாத்தான். நான் பாக்கல. பாத்தா என்னத்துக்கு?

சரி, விசயத்துக்கு வாரேன். குத்தாலத்துல எல்லா லாட்ஜ்காரனும் ஒரு சோலி பாப்பான். வெளியூர்க்காரன் மாதிரி அடுத்த லாட்ஜுக்குப் போன் போட்டு ரேட்டு கேப்பான். அவன் நமக்குப் போடுவான், நாம அவனுக்குப் போடுவோம். இதுல தப்பே கிடையாது. ஆனா அண்ணனுக்கு என் குரல் தெரியுமே, எப்படிப் போட? அதான் புதுசா ஒரு சிம்மு வாங்கி, விருதுநகர் ராஜாமணின்னு பேரை வச்சுக்கிட்டு வாட்ஸப்புல தட்டினேன். 'வணக்கம், ரூம் உண்டா'ன்னு.

உடனே பதில் வருது. 'வணக்கம் சார். அருவிக்கரை லாட்ஜ். என்ன உதவி வேணும் சார்.'

எனக்கு உச்சி முடி நட்டுக்கிட்டு நின்னுது. நம்ம மிஷினும் அப்பிடித்தானே தொடங்கும்! எங்க அண்ணன் போனைப் பிடிச்சாலே நடுங்குத ஆளு, அவன் எங்க சார் மோர்னு எழுதப் போறான்? திருட்டுப் பய, என்னையப் பாத்துட்டு அவனும் மிஷினை வாங்கிட்டான். சின்ன வயசுல இருந்து என்னையப் பாத்துத்தான் எல்லாம் செய்வான். மூத்தவன்னுதான் பேரு.

சரி, இவன் மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பாப்போம்னு நோண்டினேன். ரேட்டு கேட்டேன், சொல்லுச்சு. தண்ணி விழுதான்னு கேட்டேன். 'கம்மியா விழுது சார், பிள்ளையளைக் கூட்டிட்டு வாரதா இருந்தா ஒரு வாரம் கழிச்சு வாங்க'ங்குது. வார கஸ்டமரை வராதேங்குது! வெளங்குமா இந்த லாட்ஜு? அப்பமே தெரிஞ்சு போச்சு, விவரம் ஏத்தினவன் எவன்னு. அவன் புத்திதான் அதுக்கும்.

பொறவு சும்மா ஒரு ஆசையில கேட்டேன், 'மாடியில தெக்குப் பாத்த ரூம்ல பழைய தேக்குக் கட்டில் இன்னும் கிடக்கா?'ன்னு. கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அந்த மிஷின் எப்பவுமே அப்படித்தான், நாம கேட்டுட்டு ஒரு வெத்தலை போட்டுத் துப்பினாத்தான் பதில் வரும். ஓட்டை மாடலு. பொறவு சொல்லுச்சு, 'கிடக்கு சார். ஒரு கால் ஆடும். முன்ன அதுல ரெண்டு பய படுப்பானுவ. சின்னவன் தூக்கத்துல உதைப்பான்.'

நானில்லா உதைப்பேன்! பாரும், எங்க அண்ணன் வேலை மெனக்கெட்டு உக்காந்து இந்தக் குப்பையை எல்லாம் மிஷின்ல ஏத்தி வச்சிருக்கான். கஸ்டமருக்கு இது எதுக்குவே? ரூம்ல ஏசி உண்டா, பார்க்கிங் உண்டான்னு ஏத்துவானா, தம்பி உதைப்பான்னு ஏத்துவானா?

என்ன, சிரிக்கீரு? இரும், இரும். சொல்ல வந்ததைப் பொறவு சொல்லும். இன்னும் கேளும்.

நானும் விடல. சீசன் இல்லாத மாசம், லாட்ஜ்ல ஒரு ஈ காக்கா கிடையாது. வேற என்ன சோலி எனக்கு? தினமும் காலையில காப்பியைக் குடிச்சுட்டு ராஜாமணியா உக்காந்திருவேன். என் மிஷின்கிட்ட நான் பேசினது கிடையாது, சவம், அதுக்கு 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி'யத் தவிர ஒண்ணும் வராது. ஆனா பக்கத்து மிஷின் பேசும்வே. முட்டு வலிக்கு, படி ஏற முடியல, கீழ ரூம் கிடைக்குமான்னு சும்மாதான் கேட்டேன். அது என்ன கேக்கு? 'டாக்டர்ட்ட காமிச்சீங்களா சார். சுகரும் இருக்கும். அல்வாவை விடச் சொன்னா நீங்க எங்க கேப்பீங்க.' எப்படி! கஸ்டமரைப் பாத்து நீ எங்க கேப்பேங்குது. என்ன திமிரு பாரும் அதுக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பொறவு கேட்டா மூணு மணி வரைக்கும் பதில் வராது, அந்த நேரம் சர்வரு படுத்திரும் போல. ஒரு நாள், 'இன்னைக்கு மேலுக்குச் சரியில்ல சார், நாளைக்குப் பேசுவோம்'னு போட்டுச்சு. மிஷினுக்கு மேலுக்குச் சரியில்லையாம்! வைரஸ் ஏறியிருக்கும். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா மறுநாள் அது வணக்கம் சொல்லுத வரைக்கும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. பழகிருச்சுல்லா.

மிஷின்தானேன்னு நானும் சிலதை அவுத்து விட்டேன். மனுசங்கிட்ட சொன்னா நாளைக்கு நம்மளையே குத்திக் காட்டுவான். மிஷினுக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரி போயி வருசத்துக்கு மேல ஆச்சுன்னேன். சாப்பாடு ஓட்டல்ல இருந்துதான்னேன். வாயைத் தொறந்து பேச ஒரு ஆளு கிடையாதுன்னேன். ராஜாமணி சொல்லுத மாதிரிதான் சொன்னேன். எனக்கும் ஒரு அண்ணன் உண்டு, பேச்சு இல்லன்னேன். அது கேட்டுச்சு, 'நீங்க போயிப் பேசினா என்ன சார்?' நான் போட்டேன், 'மூத்தவன் அவன்தானே, அவன் வரட்டும்.' அதுக்கும் பதில் வந்துச்சு. 'அவரும் சின்னவன்தானே வரணும்னு உக்காந்திருப்பாரு சார்.' மிஷினுக்கு வாயைப் பாத்தீரா? நான் போனைத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிச்சுட்டேன்.

இப்ப இந்த மாசம் ஒரு பேச்சு அடிபடுது. அண்ணன் லாட்ஜை விக்கப் போறான்னு. மகன் துபாய்ல இருக்கான், வாப்பான்னு கூப்பிடுதானாம். மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தன் விலை பேசிட்டானாம், இடிச்சுத் தரைமட்டமாக்கி அஞ்சு மாடி எழுப்பப் போறானாம். இடிச்சா என் பாதி நிக்குமாவே? உத்தரம் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான். கிணறு ஒண்ணுதான். அதை விடும், அந்தப் பக்கம் வேற எவனோ வந்து உக்காந்துக்கிட்டு இருந்தா… காலையில அவன் வாசல் தெளிக்க சத்தம் கேக்கும், இருமுத சத்தம் கேக்கும். கேட்டுக் கேட்டுப் பழகிட்டு. அது இல்லன்னா எனக்கு ஒத்துக்கிடாது. அவ்வளவுதான்.

மிஷின்கிட்டயே கேட்டேன். 'லாட்ஜ் விலைக்கு வருதாமே?' 'பேசிட்டு இருக்கு சார்'னுச்சு. நேத்துச் சாயங்காலம் அதுவா வந்து எழுதுது, நான் ஒண்ணும் கேக்காமலே. இரும், வாசிக்கேன். கண்ணாடி எங்க… இன்னா. 'சார், நாளைக்குக் காலையில தென்காசியில பத்திரம். பங்காளிட்ட ஒரு வார்த்தை கேக்காம விக்கக் கூடாது, அது எங்க குடும்பத்து வழக்கம். தம்பி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நின்னுரும். நீங்க அந்தத் தம்பியா இருந்தா என்ன சொல்லுவீங்க சார்?'

எப்படிக் கதை கட்டுது பாத்தீரா! அருவியில வெந்நீர் வருதுன்னு என் மிஷின் சொன்ன மாதிரிதான். தம்பி சொன்னா நின்னுருமாம். எங்க அண்ணனாவது எங்கிட்டக் கேக்கதாவது. கேக்கணும்னா சுவரு ஓரம் வந்து நின்னு, எலேய்னு ஒரு குரல் குடுக்க மாட்டானா? மிஷினை விட்டா கேப்பான்? எனக்கு வந்துச்சு பாரும் ஆத்திரம். அண்ணன் மேல இருந்ததையும் சேத்து அது மேல கொட்டிட்டேன். இன்னா பாரும், நான் எழுதினது. 'தம்பி செத்துட்டான்னு நெனைச்சுக்கிட்டு வித்துட்டுப் போகச் சொல்லு உன் மொதலாளியை.'

அதுக்கு அது என்ன போட்டுச்சு தெரியுமா? 'சரி சார். உடம்பைப் பாத்துக்கோங்க.' அவ்வளவுதான். சூடு சொரணையே கிடையாதுவே இந்த மிஷினுகளுக்கு. நாலு வார்த்தை திருப்பி ஏசிருந்தாலாவது நல்லாருந்திருக்கும். இன்னைக்குக் காலையில வணக்கமும் வரல. நானே போட்டேன், பதில் இல்ல.

சரி, இப்பச் சொல்லும். அப்பப் பிடிச்சு என்னமோ சொல்ல வாயெடுத்தீரே, என்ன அது?

ஆமா, பக்கத்து லாட்ஜுக்குப் போயிட்டுத்தான் இங்க வந்தீரா. சரி. அவன்தான் ஏற்கெனவே வச்சிருக்கானே, உம்ம மிஷினை எப்படி வாங்குவான்?

இல்லையா?

என்னவே சொல்லுதீரு? அங்க மிஷின் கிடையாதா? எவன் சொன்னான்? அவனே சொன்னானா? பொய். அவன் உம்மகிட்டப் பொய் சொல்லிருக்கான்வே. வாட்ஸப்புல நான் தினமும்… என்னது? போனைக் காட்டினானா? ஒத்தை விரலால எழுத்துக் கூட்டித் தட்டுத மாதிரி காட்டினானா?

இரும். மெதுவாச் சொல்லும். என்ன சொன்னான், அவன் சொன்ன மாதிரியே சொல்லும்.

'மிஷின் எதுக்குப்பா. இந்த வருசம் பூரா எனக்கு எழுதினது ஒரே ஆளுதான். அவருக்கு நானே எழுதிருவேன்.' அப்படியா சொன்னான்? பேரு சொன்னானா? சொல்லலையா. சிரிச்சானா?

கள்ளப்பய. திருட்டுப்பய. தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்திருக்கான். கட்டிலைக் கேட்டேன் பாரும், அப்பமே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கிட்டே மாசக் கணக்கா என்னைய சாரு சாருன்னு… அப்போ நான் சொன்னது எல்லாத்தையும் அவன்தான் வாசிச்சானா? ஓட்டல் சாப்பாடு, கோமதி வராதது, பேச ஆளில்லன்னது, எல்லாத்தையும்? சீ. மானம் போச்சே. அந்தத் தண்ணியை எடும்.

அப்போ நேத்து எழுதினதும் அவன்தான். கேட்டது அவன்தான். கேட்டுட்டான்வே. என்கிட்ட முறையாக் கேட்டுட்டான். நான் என்ன சொன்னேன்… பாரும், நான் என்ன எழுதிருக்கேன் பாரும்.

நீரு போனப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்? வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டா? வாசல்ல கார் நின்னுச்சா? யாரு கார், மெட்ராஸ் பார்ட்டிதா? ஏறிட்டானா? ஏறினதைப் பாத்தீரா, இல்லையா, அதைச் சொல்லும்வே மொதல்ல! ஏறிப் போயிட்டானா! இங்க வந்து அரை மணி நேரமா உக்காந்திருக்கீரு, இதை வந்த உடனே சொல்ல மாட்டீரா? ஒரு ஆளு பேசிக்கிட்டே போனா வாயை அடைச்சு நிப்பாட்டத் தெரியாதா உமக்கு? இவரு மிஷின் விக்க வந்துட்டாரு.

போன் போட்டா எடுக்க மாட்டான். போட்டேன், பாரும், அடிச்சுக்கிட்டே இருக்கு. சட்டைப் பையில வச்சிருப்பான், காதுல விழாது. எழுதினா? கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டி, எப்ப வாசிச்சு… அதுக்குள்ள கைநாட்டு வச்சு முடிச்சிருவானுவ.

உம்ம வண்டி எங்க நிக்கு? பைக்கா? போதும். தென்காசி ரிஜிஸ்டர் ஆபீசு தெரியும்லா? நான் வழி சொல்லுதேன். நனைஞ்சா நனையட்டும், நீரு என்ன உப்பா கரைய? பேக் கிடக்கட்டும்வே, எவன் எடுக்கப் போறான் அதை.

அண்ணாச்சி, அங்க போயி என்ன சொல்லுவீயன்னு கேக்கீரா? ஏசத்தான் போறேன். பின்ன? அத்தனை பேரு முன்னாடியும் ஏசுவேன்.

இல்ல. தெரியலவே. அவன் முன்னாடி போயி நின்னு மொதல்ல என் பேரைச் சொல்லணும். நான் வேலாயுதம் வந்திருக்கேன்னு சொல்லணும். அதுக்குப் பொறவு வேண்டாம்னு சொல்லணும்.

எடும்வே வண்டியை.